குறுந்தகட்டிலிருந்து கணினி தொடங்காமை

குறுந்தகட்டிலிருந்து கணினி தொடங்காமை என்பது, இயங்குதளம் பதிந்த சிடியையோ டிவிடியையோ டிரைவில் இட்டு மின்சாரம் கொடுத்த பின்னரும், கணினி அத்தகட்டில் உள்ள நிரலை இயக்காமல், வன்வட்டில் உள்ள பழைய இயங்குதளத்துக்கே சென்றுவிடுவதையோ கறுப்புத் திரையில் பிழைச் செய்தியுடன் நின்றுவிடுவதையோ குறிக்கும். இயங்குதளம் எனப்படுவது கணினியின் உறுப்புகளையும் பிற மென்பொருள்களையும் ஆளும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் ஆகியன இவ்வகையின. தாய்ப்பலகையின் அமைப்பு, டிரைவ், தகடு, தகட்டை எழுதிய முறை ஆகிய நான்கில் எது தவறினாலும் திரையில் தெரியும் விளைவு ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், டிரைவ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்குவது வழக்கமாகிவிட்டது. டிரைவின் பழுது கடைசியாக ஐயுறத்தக்க காரணமே அன்றி முதலாவது அன்று.

திருவண்ணாமலையில் இச்சிக்கலின் பின்னணி

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டபோது, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இணைத்துத் தரப்பட்டது. பாஸ் லினக்ஸ் என்பது டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் இயங்குதளமாகும். இவ்வாறு ஒரே வன்வட்டில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருக்கும் கணினியில், எதைத் திறப்பது என்று கேட்கும் பட்டியலைக் காட்டுவது கிரப் எனப்படும் சிறு நிரல். விண்டோஸ் பழுதாகி அதை மட்டும் மீண்டும் நிறுவும்போது, வன்வட்டின் முதற்பகுதியில் உள்ள கிரப்பின் இடத்தை விண்டோஸ் தன் நிரலால் நிரப்பிவிடுவதால், லினக்ஸ் அழியாமல் உள்ளே இருந்தும் திரையில் தோன்றாமல் போகிறது. அதை மீட்க வேண்டுமானால் நிறுவாமலே இயங்கவல்ல லினக்ஸ் தகடு ஒன்றிலிருந்து கணினியைத் தொடங்கியாக வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கத்திலோ சவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலோ உள்ள ஒரு மாணவருக்கு, தகட்டிலிருந்து கணினி தொடங்குவதும் தொடங்காததும் அந்த இயங்குதளம் மீள்வதையும் மறைவதையும் முடிவு செய்யும் செய்தியாக இருந்தமைக்கு இதுவே காரணம். இணைய வேகம் குறைவாக இருந்த அந்நாள்களில் தகட்டின் முழு உள்ளடக்கத்தையும் ஒரே கோப்பாகக் கொண்ட, 700 மெகாபைட் அளவுள்ள ஒரு படக்கோப்பைத் தரவிறக்குவது எளிதன்று. எனவே தகடுகள் கைமாறி, நகலின் நகலாகவே பரவின.

தொடங்கும் முறை

மின்சாரம் கிடைத்தவுடன், தாய்ப்பலகையில் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ள பயாஸ் என்னும் நிரல், நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைச் சோதித்துவிட்டு, தன்னிடம் குறித்துவைத்துள்ள தொடக்க வரிசையின்படி ஒவ்வொரு சாதனமாகத் தேடுகிறது. வரிசையில் வன்வட்டு முதலில் இருந்து, அதில் இயங்கக்கூடிய நிரலும் இருந்தால், டிரைவில் தகடு இருக்கிறதா என்று கணினி பார்ப்பதே இல்லை. தகட்டின் முறை வந்தால் அதன் தரவுப் பகுதி 2048 பைட் கொண்ட கட்டங்களாகப் படிக்கப்படுகிறது. பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கினால், முதல் 16 கட்டங்கள் விடப்பட்டு, 16ஆம் கட்டத்தில் தகட்டின் அடையாளமும், 17ஆம் கட்டத்தில் தொடக்கப் பதிவும் அமைந்திருக்கும். இத்தொடக்கப் பதிவின் வடிவை, ஃபீனிக்ஸ், ஐபிஎம் ஆகிய நிறுவனங்கள் 1995இல் எல் டொரிட்டோ என்னும் பெயரில் வகுத்தன. 17ஆம் கட்டம் சரியாக இல்லையெனில், தகட்டில் எத்தனை கோப்புகள் இருந்தாலும் பயாஸுக்கு அது பாட்டுத் தகட்டிலிருந்து வேறுபட்டதன்று.

மேற்கண்ட ஒரே செய்தி, நகல் தகடுகளின் புதிரை முழுவதும் விளக்கிவிடும். நல்ல தகடு ஒன்றைத் திறந்து, அதிலுள்ள கோப்புகளை எல்லாம் தெரிவு செய்து, வேறொரு வெற்றுத் தகட்டில் எழுதினால், கோப்புகள் அனைத்தும் வந்துசேரும். கோப்பாக இல்லாத தொடக்கப் பதிவு மட்டும் வராது. இரண்டு தகடுகளையும் இயங்கும் கணினியில் இட்டு ஒப்பிட்டால் ஒரு கோப்புகூடக் குறையாது, ஆனால் ஒன்று தொடங்கும், மற்றது தொடங்காது. இதற்கு நேர்மாறான பிழை, ஐஎஸ்ஓ எனப்படும் படக்கோப்பை விரித்து எழுதாமல், அதையே ஒரு சாதாரணக் கோப்பாகத் தகட்டில் போட்டுவிடுவதாகும். தகட்டைத் திறக்கும்போது ஒரே ஒரு பெரிய கோப்பு மட்டும் தென்பட்டால் பிழை இதுவே. எழுதும் மென்பொருளில் படக்கோப்பை எழுதுவதற்கென உள்ள தனிக் கட்டளையைக் குறைந்த வேகத்தில் பயன்படுத்தி, எழுதி முடித்தபின் சரிபார்க்கவும் செய்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

கண்டறியும் வரிசை

முதலில் திரையைப் படிக்க வேண்டும். விண்டோஸ் நிறுவும் தகடுகள் பல, ஏதேனும் ஒரு விசையை அழுத்துமாறு கேட்கும் வரியைச் சில நொடிகளே காட்டி, அழுத்தாவிட்டால் வன்வட்டுக்குச் சென்றுவிடும். பழுதென்று கடைக்குக் கொண்டுவரப்படும் கணினிகளில் இதுவும் உண்டு. அவ்வரியே தோன்றவில்லையெனில், கணினியைத் தொடங்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற, தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுபடும் விசையை அழுத்தித் தொடக்கப் பட்டியலை வரவழைத்து, டிரைவை நேரடியாகத் தெரிவு செய்ய வேண்டும். சில ஏசர் மடிக்கணினிகளில் எஃப்12 பட்டியலை, எஃப்2 அழுத்தி பயாஸினுள் சென்று முதலில் இயக்கிவைத்தால்தான் அது தோன்றும்.

பட்டியலில் டிரைவின் பெயரே இல்லையெனில் இணைப்பைச் சோதிக்க வேண்டும். பழைய மேசைக்கணினிகளில் 40 ஊசிகள் கொண்ட ஐடிஇ கம்பியும், ஒரே கம்பியில் தொங்கும் இரு சாதனங்களை முதன்மை, துணை என்று பிரிக்கும் ஜம்பர் என்னும் சிறு செருகியும் உண்டு. இரண்டு சாதனங்களுக்கும் ஒரே ஜம்பர் நிலை இருந்தால் ஒன்றோ இரண்டுமோ காணாமல் போகும். சாட்டா வகையில் ஜம்பர் சிக்கல் இல்லை, மின்கம்பியும் தரவுக்கம்பியும் இறுகச் செருகப்பட்டுள்ளனவா என்று பார்த்தால் போதும். வெளியிலிருந்து செருகும் யூஎஸ்பி டிவிடி டிரைவ்கள், தகட்டைச் சுழற்றத் தொடங்கும் நேரத்தில், யூஎஸ்பி 2 துளை தரும் 500 மில்லியாம்பியருக்கு மேல் மின்சாரம் கேட்கக்கூடும்; சுழன்று நின்று மீண்டும் சுழலும் ஓசை இதன் அறிகுறி.

பெயர் இருந்தும் தொடங்கவில்லையெனில், அதே தகட்டை வேறொரு கணினியிலும், தொடங்கும் என்று உறுதியாகத் தெரிந்த மற்றொரு தகட்டை இதே கணினியிலும் இட்டுப் பார்ப்பதே மிகச் சிறந்த சோதனை. செலவின்றி, தகடா டிரைவா என்பதைப் பிரித்துக் காட்டிவிடும். இதற்குப் பாட்டுத் தகட்டைப் பயன்படுத்துவது தவறு. திருவண்ணாமலைக் கோயிலைச் சுற்றிய கடைகளில் விற்ற பக்திப் பாடல் தகடு நன்றாகப் பாடுவதால் டிரைவ் நலமென்று கொள்ள முடியாது, ஏனெனில் இசைத்தகட்டில் படிக்க முடியாத துணுக்கை டிரைவ் ஊகித்து நிரப்பிக்கொண்டு போகும், நிரலிலோ ஒரு பைட் தவறினாலும் அனைத்தும் நின்றுவிடும். மேலும், சிடியைப் படிக்க 780 நானோமீட்டரும் டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டரும் அலைநீளமுள்ள வெவ்வேறு லேசர்கள் பயன்படுவதால், சிடியை மட்டும் படித்து டிவிடியை மறுக்கும் டிரைவ் அரிதன்று. லென்ஸில் படியும் தூசும், கோடையில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டும் வெப்பத்தில் வெயில்படக் கிடந்த தகட்டின் சாயப்பூச்சு சிதைவதும் இவ்வூர்ச் சூழலில் கருதத்தக்கவை.

பள்ளி ஆய்வகங்களில் மற்றொரு காரணம் உண்டு. தேதி, தொடக்க வரிசை முதலியவற்றின் நினைவை மேசைக்கணினியில் காப்பது சிஆர்2032 எனப்படும் 3 வோல்ட் நாணய வடிவ பேட்டரி. கோடை விடுமுறையில் மின்சாரம் முழுவதும் துண்டிக்கப்பட்டுக் கிடக்கையில் பழைய பேட்டரி தீர்ந்துவிட்டால், ஜூனில் பள்ளி திறக்கும்போது தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கும், தொடக்க வரிசையும் ஆலை நிலைக்குத் திரும்பியிருக்கும். தேதி தவறாக இருப்பதைக் கண்டால் டிரைவைத் தொடாமல் பேட்டரியை மாற்ற வேண்டும்.

புதிய கணினிகளில்

2012இல் விண்டோஸ் 8 வெளிவந்தது முதல் பரவிய கணினிகளில் பயாஸின் இடத்தை யூஇஎஃப்ஐ பிடித்துக்கொண்டது. அதனுடன் வந்த செக்யூர் பூட், ஏற்கத்தக்க கையொப்பம் இல்லாத தொடக்க நிரலை மறுக்கிறது. டெபியனே 2019இல் வெளிவந்த தன் 10ஆம் பதிப்பில்தான் செக்யூர் பூட்டுக்கு ஏற்பளித்தது என்பதால், அதற்கு முற்பட்ட டெபியன் வழித் தகடுகள் இக்கணினிகளில் தொடங்காமை தகட்டின் குற்றமோ டிரைவின் குற்றமோ அன்று. யூஇஎஃப்ஐ அமைப்பினுள் சென்று செக்யூர் பூட்டை நிறுத்தி, பழைய முறையை ஏற்கும் லெகசி அமைப்பு இருந்தால் அதை இயக்க வேண்டும். சில புதிய கணினிகளில் அவ்வமைப்பே நீக்கப்பட்டுவிட்டமையால் புதிய பதிப்பைப் பெறுவது தவிர வழியில்லை. யூஎஸ்பி டிரைவில் இட்ட விண்டோஸ் 7 தகடு தொடங்கி, பாதியில் டிரைவுக்குரிய இயக்கி நிரல் இல்லையென்று நிற்பதும் உண்டு; தன்னிடம் யூஎஸ்பி 3க்கான நிரல் இல்லாமையால் அது நிற்கிறது, யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றினால் பெரும்பாலும் தொடரும்.

தகட்டிலிருந்து கணினி தொடங்கவில்லை என்பது வன்வட்டில் உள்ள தரவு அழிந்ததற்கு அறிகுறியன்று. கணினியை ஃபார்மட் செய்ய ஒப்புக்கொள்வதற்கு முன், மாணவர் தம் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்துத் தருமாறு பழுதுபார்ப்பவரிடம் கட்டாயம் கேட்டுப் பெற வேண்டும்.