தராசில் தொங்கிய சூரை

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கரையிலுள்ள ஸ்கார்பரோ துறைமுகத்தில் 1930களில் எடுக்கப்பட்ட சில புகைப்படங்களை அண்மையில் பார்க்க நேர்ந்தது. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். மரச்சட்டத்திலிருந்து கயிற்றில் தலைகீழாகத் தொங்கும் ஒரு பெருமீன், அருகில் கழுத்துப்பட்டையும் கோட்டும் அணிந்த ஒரு கனவான், கையில் தூண்டிற்கோல். மீன் அவரைவிட உயரம். பின்னால், படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்ட முகங்களாகச் சில மீனவர்கள். படம் எடுத்தவர் அவர்களை விலகி நிற்கச் சொல்லியிருப்பார் போலும், முழுமையாக விலகவில்லை.

அந்த மீன் நீலத்துடுப்புச் சூரை. ஆங்கிலேயர் அதை அப்போது 'டன்னி' என்றே அழைத்தனர். மத்தியதரைக் கடலில் முட்டையிட்டுவிட்டு, மெலிந்த உடலைத் தேற்றிக்கொள்ள வடக்கு நோக்கிப் பயணப்படும் இனம் அது. மீன்களில் அரிதாக, தன் தசைகளின் வெப்பத்தை இழக்காமல் காத்துக்கொள்ளும் உடலமைப்பு அதற்கு உண்டு. ஆகவே வடகடலின் குளிர்நீர் அதற்குத் தடையில்லை. அங்கே அதை இழுத்தது ஹெர்ரிங் என்னும் சிறுமீன். நம் மத்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மத்தியைப் போலவே கூட்டங்கூட்டமாகத் திரிவது. கோடையின் தொடக்கத்தில் ஷெட்லாந்துத் தீவுகளின் பக்கம், ஆகஸ்டு, செப்டம்பரில் விட்பி, ஸ்கார்பரோ, அக்டோபர், நவம்பரில் யார்மத், லோஸ்டாஃப்ட் என்று பிரிட்டனின் கிழக்குக் கரையெங்கும் அதன் பருவம் வடக்கிலிருந்து தெற்காக நகரும். அதன் பின்னே படகுகள் நகரும். படகுகளின் பின்னே, மீனைக் கீறிக் குடல் நீக்கி உப்பிட்டுப் பீப்பாய்களில் அடுக்கும் ஸ்காட்லாந்துப் பெண்கள் ரயிலேறித் துறைமுகம் துறைமுகமாக வருவார்கள். கத்தி பட்டுவிடாமலிருக்க விரல்களில் துணி சுற்றியிருப்பார்கள். நின்று பேசும்போதும் கைகள் பின்னல் வேலையில் இருக்கும்.

சூரை இந்த ஊர்வலத்தின் நடுவில் வந்து சேர்ந்த விருந்தாளி. அதிகாலையில் வலையை ஏற்றும்போது கண்ணிகளிலிருந்து நழுவி விழும் ஹெர்ரிங்கை உண்ண அது படகையே சுற்றிவரும். ஹெர்ரிங் படகுக்காரர்களுக்கு இது பல ஆண்டுகளாகவே தெரிந்த செய்தி. அவர்களுக்கு அது வியப்பாக இல்லை, தொல்லையாகத்தான் இருந்தது. வலையைக் கிழித்துவிடும் என்ற அச்சம். கனவான்களின் காதுக்கு இச்செய்தி எட்டிய பிறகுதான் அது 'கண்டுபிடிப்பு' ஆயிற்று.

லொரென்சோ மிச்சல்-ஹென்றி என்பவர் 1930 ஆகஸ்டில் ஸ்கார்பரோவுக்கு அப்பால் 560 ராத்தல், அதாவது சுமார் 254 கிலோ எடையுள்ள ஒரு சூரையைத் தூண்டிலில் பிடித்தார். பிரிட்டனின் கடலில் தூண்டிற்கோலால் பிடிபட்ட முதல் சூரை என்று அது பதிவாயிற்று. அந்தப் பருவத்தில் மொத்தம் ஐந்துதான் கிடைத்தன. அடுத்த சில ஆண்டுகளில் ஸ்கார்பரோவின் முகமே மாறியது. செல்வர்கள் நீராவிச் சொகுசுக் கப்பல்களில் வந்து நங்கூரமிட்டனர். 1932இல் கர்னல் பீல் என்பவர் 798 ராத்தல் மீனைப் பிடித்து உலகச் சாதனையை எட்டினார். அவர் முறியடித்தது அமெரிக்க நாவலாசிரியர் ஜேன் கிரே 1924இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கடலில் பிடித்த 758 ராத்தல் மீனின் சாதனையை. கௌபாய்க் கதைகளால் பெரும்பொருள் ஈட்டிய கிரே, அதில் கணிசமான பகுதியைக் கடலில்தான் கரைத்தார். 1933இல் பிரிட்டிஷ் டன்னி சங்கம் ஸ்கார்பரோவில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் மிச்சல்-ஹென்றி 851 ராத்தல் (386 கிலோ) மீனைக் கொணர்ந்து பீலையும் தாண்டினார். அடுத்த ஆண்டு சூரை வேட்டை குறித்து ஒரு நூலும் எழுதி வெளியிட்டார்.

வேட்டையின் முறையைச் சொல்ல வேண்டும். சொகுசுக் கப்பலிலிருந்து எவரும் தூண்டில் வீசவில்லை. ஹெர்ரிங் படகு வலை ஏற்றும் இடத்தை அடைந்ததும், கனவான் ஒரு சிறு துடுப்புப் படகில் இறங்குவார். உள்ளூர் மீனவர் துடுப்பிடுவார். முள்ளில் ஒரு ஹெர்ரிங்கைக் கோத்து வலையருகே விடுவார்கள். மீன் கவ்விவிட்டால் அப்புறம் படகு மீனுடையது; மைல் கணக்கில் அது இழுத்துச் செல்லும். மணிக்கணக்கான போராட்டம். அது பெரும்பாலும் ஒரு மனிதனின் வீரமாகவே எழுதப்பட்டது. துடுப்பிட்டவனின் கையில் எத்தனை கொப்புளங்கள் என்று எடை போடுவதற்குத் தராசு ஏதும் இருக்கவில்லை.

போர் வந்தது. ஆறு ஆண்டுகள் வடகடலில் வலைகள் குறைந்தன. ஹெர்ரிங்குக்கு அது ஓர் இளைப்பாறல். போருக்குப் பின் கனவான்கள் திரும்பினர், சற்றே குறைந்த ஆடம்பரத்துடன். 1949இல் நிகழ்ந்த ஒரு சச்சரவை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. லிங்கன்‌ஷயரைச் சேர்ந்த ஜான் ஹெட்லி லூயிஸ் என்ற விவசாயி 852 ராத்தல் சூரை ஒன்றைப் பிடித்தார். பதினாறு ஆண்டுச் சாதனை ஒரே ஒரு ராத்தலில் முறிந்தது. மிச்சல்-ஹென்றி விடுவாரா? மீனைத் தொங்கவிட்ட கயிறு நனைந்திருந்தது, நனைந்த கயிற்றின் எடை அதிகம், அதைக் கழித்தீர்களா என்று கேட்டார். புதிய சாதனை ஏற்கப்படவில்லை. கயிற்றின் ஈரத்தைக் கணக்கில் கொள்ளும் அளவுக்கு நுணுக்கமான அந்த மனிதர்கள், தம் காலடிக் கடலில் என்ன நடக்கிறது என்பதை எவ்வளவு கவனித்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஏனெனில் ஐந்தே ஆண்டுகளில் கதை முடிந்துவிட்டது. 1954க்குப் பின் ஸ்கார்பரோவில் சூரை பிடிபட்டதாகச் செய்தி இல்லை. பருவம் வந்தது, மீன் வரவில்லை.

யார் காரணம்? தூண்டில்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, நியாயமில்லை. அவர்கள் நல்ல பருவங்களில்கூடச் சில பத்து மீன்களையே பிடித்தனர். அதே காலத்தில் நார்வேயின் சுருக்குவலைப் படகுகள் சூரைக்கூட்டத்தை முழுவதுமாக வளைத்து, பருவத்துக்குப் பல ஆயிரம் டன் பிடித்துக்கொண்டிருந்தன. ஸ்பெயின், பிரான்சு நாடுகளின் படகுகள் பிஸ்கே விரிகுடாவில் இளஞ்சூரையைப் பிடித்தன. பெரிதாகி வடக்கே வரவேண்டியவை அவை. 1963இல் நார்வேயின் சூரைத்தொழிலும் சட்டென்று சரிந்தது. ஹெர்ரிங்கின் கதையும் இதனோடு பின்னியது. டென்மார்க்கின் படகுகள் இளம் ஹெர்ரிங்கை மீன்மாவுக்காக அள்ளின. 1960களில் வலையை இயந்திரத்தால் இழுக்கும் முறை பரவியதும் மிச்சமிருந்தவையும் அரிதாயின. 1977இல் வடகடல் ஹெர்ரிங் தொழிலையே மூட வேண்டியதாயிற்று. கடல்நீரின் வெப்ப மாற்றமும் சூரையின் வழியைத் திருப்பியிருக்கக்கூடும் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. இவற்றில் எது எவ்வளவு என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. விருந்து நடந்த வீட்டில் சோறும் தீர்ந்தது, விருந்தாளியும் மாண்டான். எது முதலில் என்று கேட்டால் வீட்டுக்காரனுக்கே குழப்பம்.

சூரை மறைந்ததைச் செய்தியாக்கியவர்கள் பலர். ஹெர்ரிங் மறைந்தபோது ரயிலேறி வருவதை நிறுத்திக்கொண்ட அந்தப் பெண்களைப் பற்றி அதே அளவுக்கு எழுதியவர்கள் இல்லை. பொழுதுபோக்கின் இழப்புக்கு ஒரு சங்கமும் பதிவேடும் கோப்பைகளும் இருந்தன. பிழைப்பின் இழப்பு அவரவர் வீட்டோடு போயிற்று. நெய்தல் பாடல்களை வகுப்பில் நடத்துகிறவன் என்பதால் இது எனக்குக் கூடுதலாக உறைக்கிறதோ என்னவோ. எறியுளியுடன் சுறாவின் பின் சென்ற பரதவரின் வேட்டையில் கரையில் காத்திருப்பவர்களின் பசியும் சேர்ந்தே இருக்கும்.

ஆனால் தூண்டில்காரர்களை முற்றாக விடுவித்துவிடவும் இயலாது. 'நாங்கள் பிடிப்பது சொற்பம்' என்ற வாதம் ஸ்கார்பரோவில் உண்மை. எல்லாக் கடலிலும் உண்மையல்ல. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வரிக்கொடுவா என்று நாம் பெயரிடத்தக்க ஒரு மீன் உண்டு; வசந்தத்தில் ஆறுகளில் ஏறி முட்டையிட்டுக் கடலுக்குத் திரும்புவது. 1970களின் பிற்பகுதியில் அது வேகமாகக் குறைந்தது. 1984இல் அதற்கெனவே ஒரு கூட்டாட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. 1985 தொடங்கி 1990 வரை மேரிலாந்து மாநிலம் அதைப் பிடிப்பதையே தடைசெய்தது. 1995இல் மீண்டுவிட்டதாக அறிவித்தனர். ஆனால் 2019இல் வெளியான மதிப்பீடு, மறுபடி அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு இருப்பு குறைந்துவிட்டது என்றது. இங்கே பெரும்பங்கு மாள்வது வலையில் அல்ல, தூண்டிலில். பிடித்த மீனை விட்டுவிடும் நல்லெண்ணமும் முழுக்கக் காப்பதில்லை. விடப்படுவனவற்றில் நூற்றுக்கு ஒன்பது பின்னர் இறந்துவிடுவதாக அங்கே கணக்கில் கொள்கிறார்கள். இலட்சக்கணக்கானவர்கள் ஆளுக்குச் சில மீன் பிடித்து விடும்போது அந்த ஒன்பது எவ்வளவு பெருகும் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

புகைப்படங்களுக்குத் திரும்புகிறேன். ஹெமிங்வே வாழ்ந்த ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் நகரிலும் இதே வழக்கம் இருந்தது. கட்டணம் வாங்கிக் கடலுக்கு அழைத்துச்செல்லும் படகுகள் கரை திரும்பியதும், அன்று பிடித்தவற்றைப் பலகையில் தொங்கவிட்டுப் பயணிகளை முன்னால் நிறுத்திப் படமெடுப்பார்கள். லோரன் மெக்ளெனகன் என்னும் ஆய்வாளர் 1956 முதல் 2007 வரையிலான அத்தகைய படங்களைத் திரட்டி, தொங்கும் மீன்களை அளந்தார். சராசரி எடை 19.9 கிலோவிலிருந்து 2.3 கிலோவாகக் குறைந்திருந்தது. 2009இல் வெளியான இந்த ஆய்வில் என்னைத் தடுத்து நிறுத்திய செய்தி வேறொன்று. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால் படகுக் கட்டணம் ஏறக்குறைய மாறவேயில்லை. அதாவது, முன்பு ஆளுயர மீனுக்குக் கொடுத்த அதே தொகையை முழங்கை நீள மீனுக்கும் மக்கள் மனநிறைவோடு கொடுத்தார்கள். படங்களில் புன்னகையும் குறையவில்லை.

மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒவ்வொரு தலைமுறையும் தான் இளமையில் கண்ட கடலையே இயல்பான கடல் என்று கொள்கிறது. அடுத்த தலைமுறை அதினும் வறிய கடலை இயல்பென்று கொள்கிறது. அளவுகோலே நகர்ந்துவிடுவதால் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. கிழவர்கள் 'அந்தக் காலத்தில்' என்று தொடங்கும்போது நாம் எழுந்து போய்விடுகிறோம். தூண்டில்காரன் மீனின் நீளத்தைக் கை விரித்துக் காட்டினால் சிரிக்கிறோம். மெக்ளெனகனின் படங்களைப் பார்த்தபின் அந்தக் கைகளை நான் சற்று மரியாதையோடு பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

அட்லாண்டிக் சூரையின் கதை ஸ்கார்பரோவோடு முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1960களில் வட அமெரிக்காவில் விளையாட்டுக்காகப் பிடித்த சூரையை உண்பார் அதிகம் இல்லை; படமெடுத்தபின் பூனைத் தீவனத்துக்கு அற்ப விலையில் போயிற்று, அல்லது புதைக்கப்பட்டது. 1972இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து சில சூரைகள் ஜப்பான் விமானத்தில் டோக்கியோவின் சந்தைக்குப் பறந்தன. சரக்கு இறக்கியபின் வெறுமையாகத் திரும்பும் விமானங்களுக்கு ஏதேனும் ஏற்ற வேண்டுமென்ற வணிகக் கணக்கில் பிறந்த யோசனை அது. அதன்பின் சூரையின் விலை ஏறியது, எண்ணிக்கை இறங்கியது. 2010இல் அதன் பன்னாட்டு வணிகத்தையே தடைசெய்ய மொனாக்கோ கொண்டுவந்த முன்மொழிவு தோஹா மாநாட்டில் தோற்றது. ஆயினும் பிடிக்கும் அளவைக் கடுமையாகக் குறைத்தார்கள், பலன் கிடைத்தது. 2021இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலிருந்து விடுவித்தது.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கிலாந்தின் கார்ன்வால், டெவன் கரைகளுக்கு அப்பால் கோடை முடிவில் சூரை மீண்டும் துள்ளுகிறது. 2021 முதல் அடையாளச் சீட்டு பொருத்தும் ஆய்வுக்காகவும், 2024 முதல் உரிமம் பெற்றோர் பொழுதுபோக்குக்காகவும் தூண்டிலிட அனுமதி கிடைத்தது. பிடித்தவற்றை விட்டுவிட வேண்டும். மீனை நீரைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது. படகின் ஓரத்தில், நீருக்குள்ளேயே வைத்து நீளத்தை அளந்து, முள்ளை நீக்கி, மூச்சு சீராகும்வரை படகோடு மெல்ல இழுத்துச் சென்று விடுகிறார்கள்.

உலகச் சாதனை இன்று மிச்சல்-ஹென்றியின் பெயரில் இல்லை. 1979இல் நோவா ஸ்கோஷியாவில் கென் ஃப்ரேசர் பிடித்த 1,496 ராத்தல் மீன் அவரை வெகு தொலைவில் விட்டுச் சென்றுவிட்டது. ஆனால் பிரிட்டனில் அவருடைய 851 ராத்தல் அப்படியே இருக்கிறது. உரிமம் பெற்று இன்று கார்ன்வாலில் தூண்டிலிடும் கனவானின் மீன் அதைவிடப் பெரியதாகவே இருந்தாலும், அதைத் தொங்கவிடக் கயிறு கிடையாது.