நெஞ்செரிச்சலுக்கு இரண்டாவது மாத்திரை

பென்ஷன்காரர்கள் நாலு பேர் கூடினால் சர்க்கரை, பிரஷர், அடுத்து நெஞ்செரிச்சல் என்று பேச்சு போகும். "காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போட்டும் ராத்திரி புளித்து மேலே வருகிறது, டாக்டர் இன்னொன்று சேர்த்திருக்கிறார்" என்பார் ஒருவர். அந்த 'இன்னொன்றுக்கு' ஒரு சரித்திரம் உண்டு.

பழைய காலத்தில் ஆப்ப சோடாதான் மருந்து. பிரெஞ்சில் படித்த எங்களுக்கு விஷி என்றால் பெத்தேன் அரசாங்கம் இருந்த ஊர். அதற்கு வெகு முன்பே அது ஊற்று நீருக்குப் பேர்போனது. அந்த நீரில் இருப்பதும் பைகார்பனேட்தான். அதில் செய்த விஷி வில்லைகளைச் சாப்பாட்டுக்குப் பின் சப்புவார்கள். எரிச்சல் அப்போதைக்கு அடங்கும், அவ்வளவுதான்.

1976இல் பிரிட்டனில் சிமெடிடின் வந்தது. அதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஸ்வீடனிலிருந்து ஒமெப்ரசோல் விற்பனைக்கு வந்தது. இது அமிலம் சுரக்கும் இடத்திலேயே அதைத் தடுப்பது. இதோடு தொல்லை தீர்ந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் மாத்திரை அமிலத்தைக் குறைக்குமே தவிர, உணவுக்குழாயின் அடியில் தளர்ந்துபோன வாயை மூடாது. அதனால்தான் சிலருக்குத் துணை மருந்து தேவைப்பட்டது.

முதலில் பெயர் பெற்றது சிசாப்ரைடு. இரைப்பை சீக்கிரம் காலியாக உதவும். ஆனால் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி உயிருக்கே ஆபத்தானது. அமெரிக்காவில் 2000இல் விற்பனையை நிறுத்தினார்கள், இந்தியாவில் 2011இல் தடை வந்தது.

அடுத்து டோம்பெரிடோன். 2014இல் ஐரோப்பிய மருந்து நிர்வாகம், இதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், அதுவும் சில நாட்களுக்கே தர வேண்டும், நெஞ்செரிச்சலுக்கு வேண்டாம் என்றது. காரணம் இதுவும் இதயம்தான். அறுபது தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றும் சொன்னது. நம் கடைகளில் கேஸ் மாத்திரையோடு ஒரே கேப்சூலில் இது சேர்ந்தே வருகிறது. பெயருக்குப் பின்னால் 'டி' அல்லது 'டிஎஸ்ஆர்' இருந்தால் பெரும்பாலும் இதுதான்.

படுக்கும்போது ரானிடிடின் சேர்ப்பதும் வழக்கம். முதலில் கேட்கும், சில வாரங்களில் உடம்பு பழகிவிடும். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு அதில் இருப்பதாகக் கண்டு, 2020இல் அமெரிக்கா அதைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது.

இவற்றில் சாதுவானது ஆல்ஜினேட். ஸ்டான்ஃபோர்டு என்ற வேதியியலாளர் 1880களில் கடற்பாசியிலிருந்து பிரித்த பொருள். சாப்பிட்டபின் குடித்தால் இரைப்பையில் தெப்பம்போல் மிதந்து, அமிலம் மேலேறாமல் தடுக்கும். இதில் சோடியம் உண்டு. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் கேட்டுவிட்டுக் குடிக்கவும். செலவில்லாத துணையும் இருக்கிறது: கட்டிலின் தலைமாட்டை அரையடி உயர்த்துவது, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது.

தற்காலிகம் என்று போட்ட உத்தரவு, யாரும் திரும்பிப் பார்க்காததால் வருஷக்கணக்கில் நீடிப்பதை ஆபீசில் நிறையப் பார்த்திருக்கிறேன். துணை மாத்திரையும் அப்படித்தான். அட்டையில் இரண்டாவதாக இருக்கும் பெயரைப் படியுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். "இது எதற்கு, எத்தனை நாளைக்கு?" என்று டாக்டரிடம் கேளுங்கள். விழுங்கச் சிரமம், கறுப்பாக மலம், காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மார்பை அழுத்தும் வலி வந்தால் கேஸ் என்று நினைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.