செலவில்லாத பரிசு

எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் டிசம்பர் முதல் வாரம் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். யாருக்கு யார் ‘கிறிஸ் மாம்’ என்பது ரகசியம். விடுமுறைக்கு முந்தைய நாள் பரிசோடு முகம் காட்ட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, பரிசு 500 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று யாரோ சொல்ல, எல்லோரும் தலையாட்டினோம். அந்த முறை என் பெயரை எடுத்தவர், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து தொகுப்பூதியத்தில் வேலை பார்த்த ஓர் இளம் ஆசிரியை. செய்தித்தாளில் சுற்றி அவர் கொடுத்தது, வெள்ளை நூலில் குரோஷா ஊசியால் பின்னிய ஒரு மேசை விரிப்பு. பக்கத்தில் இருந்த மூத்த ஆசிரியை, “பரவாயில்லையேம்மா, செலவில்லாமல் முடித்துவிட்டாயே!” என்றார். அறை சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு பிறகு என்னை விடவில்லை. பெண்ணின் கைவேலைக்கு ஏன் கணக்கே இருப்பதில்லை? பொழுதுபோக்கு, பாசம், பொறுமை என்று எத்தனையோ பெயர் சொல்கிறோம். வேலை என்ற பெயரை மட்டும் சொல்வதில்லை. இந்தக் கேள்வியோடு படிக்கத் தொடங்கியபோதுதான் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் நடந்த ஒரு கிறிஸ்துமஸ் சந்தையின் வரலாறு கண்ணில் பட்டது. அங்கே பெண்கள் கையால் செய்த பரிசுப் பொருட்களை விற்று, அடிமை முறையை ஒழிக்கும் போராட்டத்துக்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் பணம் திரட்டியிருக்கிறார்கள்.

பாஸ்டனில் கிறிஸ்துமஸ் என்பதே அப்போது புதுப் பழக்கம். அந்தப் பகுதியை ஆண்ட பியூரிட்டன்கள் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதைத் தடைசெய்து, மீறியவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தவர்கள். 1681இல் சட்டம் நீங்கியும் நெடுங்காலம் தயக்கம் நீங்கவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அது அரசு விடுமுறையானது 1856இல்தான். இடையில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில், குடும்பத்துக்குள்ளும் நண்பர்களுக்குள்ளும் பரிசு கொடுக்கும் வழக்கம் பரவியது. கடைக்காரர்கள் அதைக் கவனித்தார்கள். பெண்களும் கவனித்தார்கள்.

பாஸ்டன் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கம் 1833இல் தொடங்கியது. மறு ஆண்டு டிசம்பரில் லிடியா மரியா சைல்டும் லூயிசா லோரிங்கும் முதல் சந்தையை நடத்தினார்கள். சுமார் 300 டாலர் சேர்ந்தது. சைல்ட் அப்போது நாடறிந்த எழுத்தாளர். சிக்கனமாகக் குடும்பம் நடத்துவது பற்றி அவர் 1829இல் எழுதிய நூல் வீடு வீடாக விற்றது. 1833இல் அடிமை முறைக்கு எதிராக நூல் எழுதியதும் நிலைமை தலைகீழானது. அவர் நடத்திய சிறுவர் இதழின் சந்தாதாரர்கள் விலகிப்போனார்கள். இதழ் அவர் கையை விட்டுப் போயிற்று. எழுதிய வாயை அடைக்க முடிந்தவர்களால் தைக்கிற கையைத் தடுக்க முடியவில்லை.

ஏன் சந்தை? அந்தப் பெண்களிடம் வேறு என்ன இருந்தது என்று கேட்டால் விடை கிடைக்கும். வாக்குரிமை இல்லை. மணமான பெண்ணின் சொத்தும் சம்பாத்தியமும் சட்டப்படி கணவனுடையவை; மாசசூசெட்ஸில் இது பெரிதும் மாறியது 1850களில்தான். ஆண்கள் இருக்கும் சபையில் பெண் மேடையேறிப் பேசினால் ஒழுக்கக்கேடு என்றார்கள். கிரிம்கே சகோதரிகள் ஊர் ஊராகப் பேசியபோது 1837இல் மாசசூசெட்ஸ் மதகுருமார் அதைக் கண்டித்துச் சபைகளுக்குச் சுற்றறிக்கையே விட்டார்கள். ஆனால் ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு நாலு பெண்கள் கூடி உட்கார்ந்தால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அந்த வட்டத்தில் ஒருத்தி துண்டறிக்கையை உரக்க வாசிப்பாள், மற்றவர்கள் தைப்பார்கள். தையல் வட்டம்தான் அவர்களுடைய அரசியல் வகுப்பறை.

என்ன தைத்தார்கள்? 1836 டிசம்பர் சந்தையைப் பற்றி ‘லிபரேட்டர்’ இதழில் வந்த குறிப்பு ஒரு பட்டியலே தருகிறது. இறகுப் பேனாவின் மையைத் துடைக்கும் துணியில், அடிமை முறை என்னும் கறையைத் துடைத்தெறியச் சொல்லும் வாசகம். ஊசி செருகிவைக்கும் சிறு துணிப் புத்தகத்தில், எங்கள் ஊசி அடிமை உடைமையாளரின் மனசாட்சியைக் குத்தட்டும் என்ற வேண்டுதல். குட்டிக் காலணி வடிவில் தைத்தவற்றின் அடிப்பாகத்தில், ஒடுக்கப்பட்டவர்களை மிதிக்காதே என்ற எச்சரிக்கை. இறகுக் கட்டுக்கு ஒட்டிய சீட்டு அவற்றை ஆயுதங்கள் என்றே அழைத்தது. அதே சந்தையில் விற்ற ஒரு தொட்டில் போர்வை இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. நட்சத்திரங்களாக ஒட்டுத்துணி சேர்த்துத் தைத்த போர்வை அது. அதன் நடுவில் மையால் எழுதிய சில வரிகள், பிள்ளையை அணைக்கும் தாயைப் பார்த்து, பிள்ளை பறிக்கப்பட்ட அடிமைத் தாயை நினைத்துக்கொள்ளச் சொல்கின்றன.

இந்தப் பொருட்கள் போய்ச் சேர்ந்த இடங்களைப் பாருங்கள்: எழுதுமேசை, தையல் கூடை, தொட்டில். கூட்டத்துக்கு வராத ஆணின் கையிலும், துண்டறிக்கை படிக்காத பெண்ணின் மடியிலும் பரிசு என்ற பெயரில் அரசியல் நுழைந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்த பொருளைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்?

இது ஆபத்தில்லாத வேலை என்று நினைத்துவிட வேண்டாம். 1835 அக்டோபர் 21 அன்று சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தை ஒரு பெருங்கும்பல் சூழ்ந்தது. நகர மேயரே வந்து பெண்களைக் கலைந்து போகச் சொன்னார். அவர்கள் எழுந்து, வெள்ளையினப் பெண்ணும் கறுப்பினப் பெண்ணுமாகக் கைகோத்து, கத்திக்கொண்டிருந்த கும்பலின் நடுவே நடந்து, மரியா வெஸ்டன் சாப்மனின் வீட்டுக்குப் போய்க் கூட்டத்தைத் தொடர்ந்தார்கள். பத்திரிகையாளர் கேரிசனைக் கும்பல் பிடித்துக் கயிறு கட்டித் தெருவில் இழுத்தது. இத்தனைக்குப் பிறகும் டிசம்பரில் சந்தை கூடியது. சாப்மனும் அவருடைய சகோதரிகளும் அதைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் சந்தையின் வருமானம் ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலராக உயர்ந்தது. இதழ்களும் ஊர் ஊராகப் போன பேச்சாளர்களும் அந்தப் பணத்தில் இயங்கினார்கள். 1839 முதல் 1858 வரை சாப்மன் தொகுத்த ‘லிபர்ட்டி பெல்’ என்ற பரிசு நூலும் அந்தச் சந்தைக்காகவே வந்தது.

மற்ற நகரங்களிலும் இது நடந்தது. பிலடெல்பியா பெண்கள் சங்கத்தில் லுக்ரீசியா மாட்டோடு ஃபோர்ட்டன் குடும்பத்துக் கறுப்பினப் பெண்களும் சாரா மாப்ஸ் டக்ளஸும் தொடக்கம் முதல் இருந்தார்கள். ராச்செஸ்டர் நகரத்துத் தையல் சங்கம், அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஃபிரடெரிக் டக்ளஸ் நடத்திய இதழுக்குத் துணைநின்றது.

இந்த வரலாற்றைப் பெருமையோடு மட்டும் சொல்லி முடிக்க என்னால் முடியவில்லை. முதல் நெருடல், பருத்தி. புது இங்கிலாந்து ஆலைகளுக்கு வந்த பஞ்சு, தெற்கே அடிமைகள் பறித்த பஞ்சு. அந்தத் தாயை நினைக்கச் சொன்ன தொட்டில் போர்வையும் பருத்தித் துணிதான். இதை அன்றே உணர்ந்தவர்கள் உண்டு. பிலடெல்பியாவில் லிடியா ஒயிட் என்ற பெண் 1830இல், அடிமை உழைப்பு கலவாத பொருட்களை மட்டுமே விற்கும் கடையைத் திறந்தார். லுக்ரீசியா மாட் அத்தகைய துணியையே தேடி வாங்கினார். அது விலை கூடுதல், தரம் குறைவு, கிடைப்பதும் அரிது. தைப்பது எளிது, துணி எங்கிருந்து வந்தது என்று கேட்பது கடினம். இன்று நாம் வாங்கும் மலிவு நூலுக்கும் ரிப்பனுக்கும் இதே கேள்வி உண்டு.

இரண்டாவது நெருடல், சந்தை வளர வளர நேர்ந்தது. 1848 முதல் 1855 வரை சாப்மன் ஐரோப்பாவில் இருந்தார். அங்கிருந்து அவர் திரட்டி அனுப்பிய நாகரிகப் பொருட்களைத் தேடி பாஸ்டன் சீமாட்டிகள் வந்தார்கள். பாரிஸ் பொருளின் பக்கத்தில் கிராமத்துத் தையல் வட்டத்தின் மைதுடைப்பான் எப்படி நிற்கும்? 1858இல் சாப்மன் சந்தையையே நிறுத்தி, நேரடியாக நன்கொடை கேட்கும் மாலைக் கூட்டமாக மாற்றினார். பணத்தைக் கணக்கிட்டால் அது சரியான முடிவாக இருக்கலாம். நன்கொடை தரப் பணமில்லாமல் இரவு நேரத்தையும் விரல்களையும் மட்டுமே தர முடிந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். காசோலை எழுதக்கூடியவர்கள் உள்ளே இருந்தார்கள். தைக்க மட்டும் தெரிந்தவர்களுக்கு இருந்த ஒரே வாசல் மூடியது.

இதே காலத்தில் நம் பக்கத்திலும் பெண்களின் ஊசி ஓடிக்கொண்டிருந்தது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் தம்பதியரில் மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தச் சிறுமிகளில் சிலர் அடிமைகள். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அரசாணை வந்தது 1855இல். அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிய பெண்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். லேஸை வாங்கி அணிந்தவர்கள் ஆங்கிலேயச் சீமாட்டிகள். மேலாடை அணிவதற்கான உரிமையை அந்த மண்ணின் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் அரசாணையாகப் பெற 1859 வரை போராட வேண்டியிருந்தது. தன் தோளை மூட அனுமதி இல்லாத சமூகத்துப் பெண், யாரோ ஒருத்தியின் தோளை அலங்கரிக்கப் பின்னியிருக்கிறாள். பாஸ்டனில் சுதந்திரமானவர்கள் அடிமைகளுக்காகத் தைத்தார்கள். நாகர்கோவிலில் அடிமைச் சிறுமி தனக்காகப் பின்னினாள். முன்னதன் வரலாற்றில் பெண்களின் பெயர்கள் நிறைய இருக்கின்றன. பின்னதில் நமக்குத் தெரிவது பெரும்பாலும் சொல்லிக்கொடுத்தவரின் பெயர்தான்.

இரண்டிலும் பொதுவான ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் தங்கள் கைவேலைக்கு விலை வைத்தார்கள். மைதுடைப்பானுக்கும் விலைச்சீட்டு இருந்தது, லேஸ் முழத்துக்கும் கூலி இருந்தது. அன்பால் செய்தோம் என்று சொல்லி உழைப்பை மறைத்திருந்தால் அங்கே இதழும் ஓடியிருக்காது, இங்கே விடுதலைப் பத்திரமும் கிடைத்திருக்காது. கையால் செய்த பரிசை இலவசம் என்று நினைக்கும் வழக்கம், தினமும் சமைப்பவளை வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று சொல்லும் அதே வாயிலிருந்து வருவது.

இதையெல்லாம் படித்த பிறகு ஒரு நாள் அந்த இளம் ஆசிரியையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், அதைப் பின்ன எவ்வளவு நேரம் ஆயிற்று என்று. “இருபது நாள் ஆச்சு மேடம். பிள்ளை தூங்குன பிறகு தினம் ஒன்றரை மணிநேரம் உக்காருவேன். எங்க பாட்டி சொல்லிக்கொடுத்த பின்னல்” என்றார். முப்பது மணிநேரம். அவருடைய தொகுப்பூதியத்தை மணிக்கணக்கில் வகுத்து, முப்பதால் பெருக்கிப் பார்த்தேன். அந்த ஆண்டு எங்கள் அறையில் கைமாறிய பரிசுகளிலேயே விலை கூடியது அதுதான்.

அடுத்த டிசம்பரில், 500 ரூபாய் விதியை எடுத்துவிடலாம் என்று சீட்டு போடும் முன்பே நான் சொன்னேன். எடுத்துவிட்டோம். அன்று சேர்ந்து சிரித்ததற்காக அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். “நான் அப்பவே மறந்துட்டேன் மேடம்” என்றார். மறக்கவில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.