பாலைவனத்துக் கூலும் பழையனூர் நீலியும்

ஜப்பானிய ஓவியர் இஷிதா சூயி படைத்த 'டோக்கியோ கூல்' என்னும் சித்திரத் தொடர்கதை, 2011 முதல் 2014 வரை அந்நாட்டு வார இதழொன்றில் வெளிவந்தது. மனித உருவிலேயே மனிதரிடையே உலவும் ஓர் அரக்க இனம். நரமாமிசமே அதன் உணவு. கனேகி என்னும் கல்லூரி மாணவனுக்கு அவ்வினத்துப் பெண்ணொருத்தியின் உறுப்புகள் பொருத்தப்படுகின்றன. பாதி மனிதனும் பாதி அரக்கனுமாய் அவன் படும் துயரே கதை. இன்று பல நாட்டு இளைஞரும் இதனைப் படிக்கின்றனர். எனினும், தலைப்பிலுள்ள 'கூல்' என்பது அரபுச் சொல் என்பதைப் பலர் அறியார்.

அறியாமைக் காலத்து அரபுகள், பாலைவெளியில் கூல் என்றொரு பேய் உண்டென நம்பினர். அது வேண்டிய உருவெல்லாம் எடுக்கும். பெண்ணாகத் தோன்றி வழிப்போக்கரைத் திசைமாற்றிக் கொல்லும். ஆயின் கழுதைக் குளம்பு போன்ற அதன் கால்கள் மட்டும் மாறா என்பது அவர்தம் நம்பிக்கை. கூலை வென்றதாகப் பாடிய கவிஞர் தஅப்பத ஷர்ரன். அரபு வானியலார் ஒரு விண்மீனுக்கு 'ரஃஸுல் கூல்', அதாவது கூலின் தலை, எனப் பெயரிட்டனர். அதனையே உலகம் இன்று 'அல்கோல்' என்கிறது.

இவ்வச்சத்தை இஸ்லாம் வேரறுத்தது. கூல் என்பது இல்லை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மொழிந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அப்படியோர் உயிரே இல்லை என்பது இதன் பொருள் என்பர் ஒரு சாரார். உருமாறி வழிகெடுக்கும் ஆற்றல் அதற்கில்லை என்பதே பொருள் என்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், அஞ்சத்தக்கவன் அல்லாஹ் ஒருவனே என்பது தெளிவாயிற்று.

நம்பிக்கை தளர்ந்தும் கதை நின்றது. பிரெஞ்சு அறிஞர் அந்துவான் காலன் 1704 முதல் 1717 வரை ஆயிரத்தோர் இரவுக் கதைகளை வெளியிட்டார். அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் வாய்மொழியாகச் சொன்ன கதைகள் சிலவும் அவற்றுள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்றான சீதி நுஃமான் கதையில், மணந்த மனைவியே இரவில் இடுகாடு சென்று கூலுடன் பிணந்தின்கிறாள். பாலைவனத்துப் பேய் இவ்வாறு ஐரோப்பியர் எண்ணத்தில் இடுகாட்டிலும் இல்லத்திலும் குடிபுகுந்தது. பின்னர் ஆங்கிலத்தில் ஏறி, ஜப்பான் வரை சென்றது.

நம் தொண்டைநாட்டுக்கும் இத்தகைய கதை புதிதன்று. பெருநகரிலும் உத்திரமேரூரிலும் பொய்யழுகையை 'நீலிக்கண்ணீர்' என்கிறோமே, அந்த நீலி திருவாலங்காட்டை அடுத்த பழையனூரினள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, வணிகன் ஒருவனைத் தன் கணவனென வழக்காடினாள். அவன் உயிருக்கு வேளாளர் எழுபதின்மர் பிணை நின்றனர். இரவில் நீலி அவனைக் கொன்றாள். வேளாளர் வாக்குத் தவறாது தீப்புகுந்தனர். அவ்வூர் இன்றளவும் போற்றுவது அவ்வேளாளரின் வாய்மையையே. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அச்சுறுத்த வந்த நீலி, அஞ்சாத சமண முனிவரிடம் அறங்கேட்டுக் கொல்லாமை நெறியை ஏற்கிறாள்.

அண்டை வீட்டானே அரக்கனோ என்னும் ஐயம் எக்காலத்தும் ஆபத்தானது. அந்த ஐயம் மூண்ட ஊரில் குற்றமற்றவரும் வேட்டையாடப்படுவர். ஜப்பானியக் கதையிலும் வேட்டையாடுவோர், வேட்டையாடப்படுவோர் ஆகிய இரு சாராருமே மற்றவரை அறியாது அழிகின்றனர். திருக்குர்ஆனின் 'ஹுஜுராத்' அத்தியாயம், வீண் ஐயத்தையும் துருவி ஆராய்வதையும் புறம்பேசுவதையும் ஒரே வசனத்தில் தடுக்கிறது. புறம்பேசுதலை, இறந்த சகோதரனின் இறைச்சியை உண்பதற்கு ஒப்பிடுகிறது. மனிதரிடையே மறைந்து வாழும் நரமாமிசப் பட்சிணியைத் தேடுவோர், பாலைக்கோ இடுகாட்டுக்கோ செல்ல வேண்டுவதில்லை. தத்தம் நாவை நோக்கினால் போதும்.