நாண்மீன் என்னுஞ் சொல்

பட்டினப்பாலையுள், மன்றத்தே பலர் கூடிக் கலந்து பொருதலுக்கு நாண்மீன் விரவிய கோண்மீனை உவமை கூறுகின்றார் உருத்திரங்கண்ணனார். ஈண்டு நாண்மீன் என்பதற்கு ‘விண்மீன்’ என்றே பொருள் கூறி யாமும் பல்லாண்டு பாடஞ் சொல்லி வந்தோம். அது பொருந்துமாறில்லை.

திங்கள் விண்மீன்களிடையே ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 27.3 நாள் ஆகும். நாடோறும் அது சென்று சேரும் இடங்களாகக் கொள்ளப்பட்டனவே அசுவினி முதல் இரேவதி ஈறாகிய 27 நாண்மீன்கள். வான்வட்டம் 360 பாகையாதலின், ஒன்றற்கு 13 பாகை 20 கலை வரும். கார்த்திகையை நோக்குக. கண்ணுக்குப் புலனாவன ஆறு மீன்கள், அறுமீன் என்றே அதற்குப் பெயர், நாண்மீனோ ஒன்றே. சித்திரையோவெனின் ஒற்றை மீன். ஆகவே நாண்மீன் என்பது திங்களின் நெறியை அளந்த அளவுகோலேயன்றி விண்மீனுக்கு மறுபெயர் அன்று.

கோள்களும் அந்நெறியை ஒட்டியே இயங்குவன. கற்பிற்கு உவமையாகப் போற்றப்படும் அருந்ததியோ அதற்கு 50 பாகைக்கும் அப்பாலது. அதனோடு எக்கோளும் விரவுதல் இல்லை. நாண்மீனை எல்லா விண்மீனுக்கும் பொதுவாக்கின் புலவர் கண்ட வானம் பொய்யாகிவிடும். மாணவர்க்கு அருஞ்சொற்பொருள் வரைவோர் ‘திங்கள் நெறியிலுள்ள மீன் அல்லது மீன்கூட்டம்’ என எழுதுவாராயின் ஐயம் எழாது.