குனியிறது ஆர்: காரா, றோட்டா?

லோ பண்ணின கார் வைத்திருக்கிற பெடியளிடம் கதை கேட்டால், கடைசியில் முன் லிப்பில்தான் வந்து நிற்பார்கள். பருத்தித்துறை வீதியால் புத்தூர்ச் சந்தி வரைக்கும் வழுக்கிக்கொண்டு வரலாம். வீட்டு ஒழுங்கைக்குள் திரும்புகிற அந்த இடத்தில்தான் 'கர்ர்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பம்பருக்குக் கீழே புதுக் கீறல். "காசுள்ளவைக்கு வாற வருத்தம்" என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்தக் கீறலுக்குப் பின்னால் எங்கட றோட்டுகளின் சரித்திரம் கொஞ்சம் கிடக்கிறது. அதை ஒருக்கால் பார்ப்போம்.

கார் வருவதற்கு முன்னமே வேகத்துக்கென்று ஒரு வண்டி எங்களிடம் இருந்தது: சவாரி மாட்டு வண்டில். பெரிய சில்லு, உயரத்தில் அச்சு. புத்தூர்ப் பக்கம் செம்மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல்தான். அந்தக் கல் எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்று நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல் துருத்தின ஒழுங்கையும் வண்டிலுக்கு ஒழுங்கைதான். சில்லு பெரிசாக இருந்தபடியால் றோட்டு சீராக இருக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

கார் இந்தக் கணக்கை மாற்றியது. ஜோன் மக்கடம் 1816இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வீதிகளுக்குப் பொறுப்பெடுத்து, சிறு கல்லாக உடைத்து அடுக்கி, நடுவை உயர்த்தித் தண்ணீரை ஓடவிட்டு றோட்டுப் போட்டார். அந்தப் பரம்பரையில் வந்த றோட்டுகளை மனதில் வைத்துத்தான் பிறகு அங்கே கார்களும் கட்டப்பட்டன. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 அப்படி ஒன்று. 1200 சிசி எஞ்சின், தனியான சேசி, முன்னுக்குக் கொயில் ஸ்பிரிங், பின்னுக்குப் பிளேற் ஸ்பிரிங். 'ஏ போட்டி' என்று பெயர் மாறி எங்கட ரக்சி ஸ்ராண்டுகளில் வந்து நின்றது. 1960களில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியதும், இருக்கிற காரைச் சாகவிடாமல் ஓட்டுவது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். பழைய எஞ்சினின் அமுக்கம் குறைவு என்றபடியால் அது தாங்கியது. இன்றைய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் தாங்காது.

எண்ணெய்க்கு வழி கண்டார்கள், றோட்டுக்கு என்ன செய்வது? பராமரிப்பு இல்லை, ஷெல் விழுந்த கிடங்கு வேறு. 1995 ஒக்டோபரில் சண்டை புத்தூர், நீர்வேலிப் பக்கத்தால்தான் யாழ் நகரை நோக்கி நகர்ந்தது. அந்த மாதம் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தது. அந்தக் காலத்தில் காரின் அடிவயிற்றைக் காப்பாற்றியது டிறைவரின் கைப்பழக்கமும் ஞாபகமும். எந்த வளைவில் எந்தக் கிடங்கு, மழைத் தண்ணீர் மூடிக் கிடந்தாலும் எங்கே கல் நிற்கும் என்பது மனப்பாடம். கிடங்குக்கு முன்னமே பிறேக் பிடித்து, இறங்கும்போது காலை எடுத்துவிடுவார்கள். பிறேக் பிடித்தபடி இறங்கினால் மூக்கு இன்னும் தாழும். மேட்டில் நேராக ஏறாமல் சரித்து, ஒரு சில்லை முதலில் ஏற்றுவார்கள். இன்றைக்கு லோ கார்க்காரர் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொடுக்கிற வித்தையும் இதேதான்.

வெளியுலகத்தில் காரின் மூக்கு வேறு காரணத்துக்காகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வேகமாக ஓடும்போது அடியால் புகுகிற காற்று முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். அதைத் தடுக்க 1970களின் தொடக்கத்தில் போர்ஷே 911 எஸ் காரின் முன்பம்பருக்குக் கீழே ஒரு லிப் வந்தது. லிப் இறங்க இறங்க உரசலும் கூடியது. கொர்வெற் கார்களில் அந்தப் பகுதியை வளையக்கூடியதாகவே செய்தார்கள். உரசுவதற்கென்றே வைத்த துண்டு. பிரெஞ்சுக்காரரின் சித்ரோவன் டிஎஸ் 1955இலேயே ஒரு நெம்பைத் தள்ளினால் உடம்பைத் தூக்கிக்கொண்டது. 2020 மொடல் கொர்வெற் முன்பக்கத்தை ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் தூக்கும். எங்கே தூக்கவேண்டும் என்று 1000 இடங்களை ஜிபிஎஸ் மூலம் ஞாபகமும் வைத்திருக்கும். எங்கட ரக்சி அண்ணைமார் மண்ணெண்ணெய்ப் புகைக்குள் இருந்து தலைக்குள் வைத்திருந்ததை, ஒரு கம்பனி கம்பியூட்டருக்குள் போட்டு விற்கிறது.

2009க்குப் பிறகு காப்பெற் வீதிகள் வந்தன. நல்ல விசயம்தான், ஆருக்கும் கிடங்குக் காலம் திரும்ப வேண்டாம். ஆனால் பழைய தாருக்கு மேலே புதுத் தார் விழ விழ வீதி உயரும். ஒழுங்கை பழைய மட்டத்திலேயே கிடக்கும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு படி. 10 சென்ரிமீற்றர் உயரத்தை 30 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் ஏறினால் சரிவு 18 பாகை. அதையே ஒரு மீற்றர் தூரத்தில் ஏறினால் 6 பாகைக்கும் குறைவு. உரசுமா இல்லையா என்பதை அந்த எழுபது சென்ரிமீற்றர் தார் தீர்மானிக்கிறது.

வேகத்தடையும் அப்படித்தான். 1970களில் பிரித்தானியாவின் வீதி ஆய்வுகூடம் சோதித்துப் பார்த்த மேடு 100 மில்லிமீற்றர் உயரம், 3.7 மீற்றர் நீளம். மெல்லப் போனால் வருத்தம் தெரியாது, வேகமாகப் போனால் தூக்கிப் போடும். எங்கட பக்கம் சில இடங்களில் ஒரு முழ அகலத்தில் சீமெந்தைக் குவித்துவிடுகிறோம். மெல்லப் போறவனுக்கும் அதே அடி.

இப்போதைக்கு என்ன செய்யலாம்? லிப்புக்குக் கீழே கழற்றி மாற்றக்கூடிய ரப்பர் அல்லது பிளாஸ்ரிக் பட்டி பூட்டலாம். பம்பருக்குப் பதிலாக அது தேயும். பெயின்ற்றுக்கு மேலே ஒட்டுகிற பிலிம் தெறிக்கிற கல்லுக்குச் சரி, படியில் உரசுவதற்குச் சரிவராது. ஸ்பிரிங்கை வெட்டுவதற்கு முன் இரண்டு தரம் யோசியுங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திறபட 2025 பெப்ரவரி ஆனது. எங்கட நாட்டில் உடைந்தது எப்போதும் உடனே வரும் என்று நம்பக்கூடாது.

ஆனால் இதெல்லாம் காரைக் குனியப் பண்ணுகிற வழிகள். அந்தப் படி காருக்கு மட்டும் உள்ளதில்லை. சண்டையில் காலை இழந்து சக்கர நாற்காலியில் போறவருக்கு லிப் கீறுப்படாது, ஆள் விழுவார். பிள்ளைத்தாச்சியை ஏற்றின ஓட்டோவுக்கும், சைக்கிளில் போற அம்மம்மாவுக்கும் அதே படிதான். பெரிய வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, ஒழுங்கை பிரதேச சபையின் பொறுப்பு. இரண்டும் ஒட்டுகிற அந்த ஒரு மீற்றர் ஆருடையது என்று கேட்டால் ஆளையாள் கை காட்டுவார்கள்.

போர்க் காலத்தில் றோட்டைக் கேள்வி கேட்க எங்களுக்கு வழி இருக்கவில்லை. காரையும் உடம்பையும் வளைத்துக்கொண்டோம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை, கீறினால் பட்டி வாங்கிப் பூட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறோம். அடுத்தமுறை உங்கட வீதிக்குத் தார் போட வரும்போது, றோலர் ஏறுவதற்கு முன்னம் போய் நில்லுங்கள். ஒழுங்கை வாசலுக்கு ஒரு மீற்றர் சரிவு கேளுங்கள். தார் இறுகின பிறகு கேட்டால் அடுத்த காப்பெற் வரைக்கும் காத்திருக்கவேண்டி வரும்.