வந்தியின் பங்கும் உய்யக்கொண்டான் கரையும்



ஆலவாய்ப் பெருமான் நிகழ்த்திய அறுபத்து நான்கு திருவிளையாடல்களுள் மண் சுமந்த திருவிளையாடலை விழாக்காலந்தோறும் கேட்டு மகிழ்கிறோம். பிட்டைச் சொல்கிறோம், பிரம்படியைச் சொல்லி உருகுகிறோம். இடையில் கிடக்கும் கரையை மட்டும் மறந்துவிடுகிறோம். வைகை கரைபுரண்டதும் பாண்டியன் முரசறைவித்து, உடைப்பை அளந்து, வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கிட்டான் என்பதன்றோ அக்கதையின் அடிப்படை? ஆளற்ற கிழவியாகிய வந்திக்கும் அதில் ஒரு பங்கு விழுந்தது. அவளால் இயலாது என்பதற்காகப் பங்கு தள்ளுபடி ஆகவில்லை. அந்தப் பங்கை அடைக்கவே பெருமான் கூலியாளாய்க் கூடை சுமந்து வந்தான்.

நீர்நிலையைக் காப்பது குடிகள் ஒவ்வொருவரின் பங்கு என்னும் இவ்வழக்கம் புராணத்தோடு நின்றதன்று. உத்தரமேரூரில் முதற் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஏரி வாரியத்தைக் கூறுகின்றன. அதன் உறுப்பினர் அறுவர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் ஓலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தனர். ஏரிக் கணக்கில் நம் முன்னோர் எவ்வளவு கண்டிப்பாயிருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். தாயுமானவர் வரலாற்றிலும் வெள்ளம் உண்டு; காவிரி பெருகித் தாயை அக்கரையில் தடுத்து நிறுத்தியபோது பெருமானே தாயாகி வந்தான். அக்காவிரியின் ஒரு கிளையே பாலக்கரையில் நாம் நாள்தோறும் கடக்கும் உய்யக்கொண்டான் வாய்க்கால். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, மாநகரின் நடுவே புகுந்து, வாழவந்தான்கோட்டை ஏரியில் சென்று சேர்வது. நீளம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அதை நம்பி விளையும் நிலம் ஏறக்குறைய 32,000 ஏக்கர். முதலாம் இராசராசன் (985-1014) வெட்டுவித்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. உய்யக்கொண்டான் என்பது அவன் பூண்ட பெயர்களுள் ஒன்று. மூவர் பாடல் பெற்ற திருக்கற்குடியில் எழுந்தருளியிருக்கும் உச்சிநாதரின் திருமலைக்கும் அப்பெயரே வழங்குகிறது. இவ்வளவு பெயர்ப் பெருமை உடைய நீரைப் பாலத்தின்மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம் என்பதை இங்கே மறைப்பானேன்?

இந்நிலை எப்படி வந்தது? வாய்க்காலில் நீர் நிறுத்தப்படும் கோடையில், ஆயக்கட்டுக் குடிகள் மண்வெட்டியோடு இறங்கித் தூர்வாரிக் கரை கட்டுவதே பழைய குடிமராமத்து. வண்டல் வயலுக்கு எருவாகும். வாய்க்காலுக்கு ஆழம் கிடைக்கும். வெள்ளையர் ஆட்சியில் அவ்வழக்கம் தளர்ந்தது. 1858-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் அதனைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முற்பட்டார்கள். குடிகளின் பங்கு அரசின் கட்டளையாக மாறியபின் அதில் நெஞ்சு இருக்குமா? குடிமராமத்தைக் குறையே இல்லாத பொற்காலமாகப் பேசுவோருக்கும் ஒன்று சொல்லவேண்டும்: கூடை தூக்கியவர் பெரும்பாலும் ஏழைகளே. வந்தி பட்ட பாடு புராணத்திலேயே பதிவாகியிருக்கிறது.

ஆயினும் வழக்கம் முற்றும் அற்றுப்போகவில்லை. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் அப்பழம் பெயரிலேயே திட்டம் வகுத்தது. 2018 நவம்பரில் கஜா புயல் கடைமடை நாட்டைச் சூறையாடிய பின்னர், பேராவூரணிப் பகுதி இளைஞர்களும் உழவர்களும் கைஃபா என்னும் சங்கமாகக் கூடி, ஊரார் கொடுத்த பொருளைக்கொண்டு பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரினர். தென்னையும் கூரையும் இழந்து நின்றவர்கள் முதலில் குளத்தை நினைத்தார்கள் என்பது எண்ணத்தக்கது. நாம் குடிக்கும் காவிரிதான் அங்கே கடைசியாகச் சென்று சேர்கிறது. தலைமடையில் இருக்கும் நாம் செய்யாததைக் கடைமடையில் இருப்பவர்கள் செய்தார்கள்.

திருச்சியிலும் ஆர்வலர்கள் குழுவாகக் கூடி, மாணவர்களை அழைத்துக்கொண்டு, உய்யக்கொண்டான் கரையில் குப்பை அள்ளியதுண்டு, ஆகாயத்தாமரை அகற்றியதுண்டு. அவர்கள் வாரிய இடத்தில் மறுவாரமே குப்பை விழுமானால், அவர்களிடம் குறை காண்பது முறையாகாது. கழிவுநீர் கலவாமல் தடுப்பது அரசும் மாநகராட்சியும் செய்யவேண்டிய பெரும்பணி; அதை யாரும் கூடையால் அடைத்துவிட முடியாது. ஆனால் அன்னதானத்தின் இலைகளும் குவளைகளும், பூசைக்குப்பின் பையோடு எறியப்படும் நிர்மாலிய மாலைகளும், கிழிந்த சாமி படங்களும் யாருடையவை? அவை நம் வீட்டிலிருந்தும் நம் விழாவிலிருந்தும் போனவையே. நிர்மாலியத்தை நீரில் விடுவது மரபு என்பர் சிலர். மரபு பூவுக்குச் சொன்னது. பிளாஸ்டிக் பைக்குச் சொன்னதன்று.

ஆகவே இவ்விழாவுக்கு வந்திருக்கும் அன்பர்கள் ஒரு பங்கை ஏற்கும்படி வேண்டுகிறோம். இந்த விழாவின் மாலைகளைக் கோயில் நந்தவனத்து எருக்குழியில் சேர்ப்போம். அன்னதானத்தை வாழை இலையிலேயே இடுவோம். வாய்க்கால் வற்றும் நாளில் வீட்டுக்கு ஒருவர் கரைக்கு வருவோம். முதியோரும் நோயாளரும் வரவேண்டா. வந்திக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேரவேண்டா. அவர்கள் பங்கை இளையோர் சுமக்கட்டும்.

மேட்டூரில் நீர் திறந்து, அது முதன்முதலாக ஊருக்குள் வரும் நாளில் பாலத்தின்மேல் நின்று பார்ப்பவர் இன்றும் உண்டு. முன்னே பைகளும் புட்டிகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்து வருகின்றன. அவற்றின் பின்னே காவிரி வருகிறாள்.